எதிர் நாற்காலி

போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டம் சொல்லி மாளாது. சாமி பார்த்துவிட்டு வெளியே வரும்போது மணி ஒன்பதரை. அவளுக்குப் பசி, எனக்குக் காபி இல்லாமல் தலைவலி. நான் மேன்ஷனில் இருந்த காலத்தில் தினமும் சாப்பிட்ட டிபன் கடை இரண்டு தெரு தள்ளி இன்னும் நடக்கிறது, வா என்று கூட்டிப்போனேன். கடைக்குப் பெயர் உண்டு. எழுதவில்லை. கீழே சொல்லப்போவதில் தப்பு முழுக்க என்னுடையது. கடையின் பெயர் அதில் இழுபட வேண்டாம்.

உள்ளே எட்டு மேசை, மேசைக்கு நாலு நாற்காலி. சுவரோரமாக ஒரு மேசையில் நானும் அவளும் ஒரே பக்கம் உட்கார்ந்தோம். எதிரே இரண்டும் காலி. அதில் ஒன்றில் அவள் தன் பையை வைத்தாள். பூரி வந்தது. முதல் பூரியை விரலால் குத்தி அவள் ஆவியை விட்டுக்கொண்டிருந்தபோது, உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். "சார், யாராச்சும் வர்றாங்களா?" "இல்லப்பா, உட்காரு" என்றேன். மகள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஹெல்மெட்டைக் காலுக்கு நடுவில் இறக்கிவைத்து, ரெண்டு இட்லி ஒரு வடை சொல்லிவிட்டு, போனை மேசையில் நிமிர்த்தி வைத்தான். ஊர் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்குத் தான் சாப்பிடக் கிடைத்த பத்து நிமிஷம் அது. மகள் என் காதோரம் சாய்ந்து, "ஏம்ப்பா இவர் நம்ம டேபிள்ல வந்து உட்கார்றாரு?" என்று கேட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. பதின்மூன்று வயது. அவளுக்குத் தெரிந்த ஓட்டல்களில் வாசலிலேயே ஒருவர் நின்று, எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்வார். இரண்டு பேர் போனாலும் நாலு பேர் மேசையை முழுசாகக் கொடுப்பார்கள். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் எதிர்ப்பக்கம் காலியாகவே கிடக்கும். அந்தக் காலி நாற்காலிகளுக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் காசு வாங்குகிறார்கள். அப்படிப் பழகிய பிள்ளைக்கு மேசை என்பது நாம் சாப்பிட்டு முடிக்கும்வரை நம் வீட்டில் ஒரு பங்கு. அதில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் விசித்திரமாகத்தான் இருக்கும். "பழைய கடையில அப்படித்தான்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்ன பதில் எனக்கே போதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், அடுத்த வாரமும், ஐப்பசி மழை தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒரு நாள், இதே கடையில், வாயால் கேட்காமல் கேட்டிருக்கிறேன்.

மேன்ஷன் காலம்

1998 ஜூனில் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்தேன். மவுண்ட் ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேருக்கு ஒரு அறை. அறையில் ஸ்டவ் வைக்கக்கூடாது என்பது மேன்ஷன் சட்டம். அதனால் அந்தப் பேட்டையில் ஆயிரக்கணக்கான ஆண்பிள்ளைகளின் வயிறு மெஸ்களையும் டிபன் கடைகளையும் நம்பித்தான் இருந்தது. கையில் காசிருந்த முதல் வாரத்தில் ரத்னா கஃபேக்குப் போவோம். 1948-லிருந்து நடக்கும் கடை. வடக்கே மதுராவிலிருந்து வந்த ஒருவர் தொடங்கியது. திருவல்லிக்கேணிக்கே பேர் வாங்கிக் கொடுத்த சாம்பார் இட்லி ஒரு வடநாட்டுக் குடும்பத்தின் கடையிலிருந்து வந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மற்ற மூன்று வாரமும் நம் சின்னக் கடைதான்.

பழைய கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ருசியைப் பற்றி எழுதுகிறார்கள். என்னால் அப்படி எழுத முடியாது. அந்தக் கடையில் விடியற்காலை ஆறு மணிக்கு முதல் டிகாஷனில் போடும் காபி உண்மையிலேயே நல்ல காபி. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பக்கட்டையால் ஒரு இழுப்பு இழுத்ததும் 'சொய்ங்' என்று எழும் சத்தமும் அந்த வாசமும் இன்றைக்கும் என்னை நிறுத்திவிடும். ஆனால் எட்டரைக்கு மேல் சாம்பார் நீர்த்துவிடும். தேங்காய்ச் சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். இதைவிட நல்ல இட்லி இப்போது எங்கள் காலனி வாசலிலேயே கிடைக்கிறது. நான் அங்கே நாலு வருஷம் தினமும் போனதற்கு ருசி காரணமில்லை.

காரணம் அந்த மேசைகள். தனியாகச் சாப்பிடப் போகிறவனுக்கு அங்கே தனிமை கிடையாது. எந்த நாற்காலி காலியோ அதுதான் உன் இடம். எதிரே வக்கீல் குமாஸ்தா, பக்கத்தில் பழைய புத்தகக் கடைக்காரர், மூலையில் ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி இன்டர்வியூவுக்குப் போகிற பையன், அவன் காலடியில் சான்றிதழ் ஃபைல். யாரும் யாரிடமும் பேசவேண்டும் என்றில்லை. ஒரு தினத்தந்தி வாங்குவார்கள், அது நாலாகப் பிரிந்து நாலு மேசைக்குப் போகும். விளையாட்டுப் பக்கம் ஒருவரிடம், சிந்துபாத் ஒருவரிடம். படித்து முடித்ததும் மடித்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போவார்கள்.

அதற்கு எழுதாத வழக்கங்கள் இருந்தன. சாம்பார் வாளியை அடுத்தவர் கைக்கு எட்டும்படி நகர்த்திவைக்க வேண்டும். எதிராளி தட்டைப் பார்க்கக் கூடாது. தம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும், ஏனென்றால் உனக்குப் பிறகு அதே தம்ளரில் வேறொருவர் குடிக்கப் போகிறார். கூட்ட நேரத்தில் உன் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார், சாய்மானத்தில் லேசாகக் கைவைத்து. அவர் நிற்பது தெரிந்துவிட்டால் காபியை ஆற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அவரும் உன் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்கக் கூடாது, தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

மேசைக்கு நாலு கணக்கு

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சப்ளையர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் ஈரத்துண்டு, காதிடுக்கில் பென்சில். அந்தப் பென்சிலை அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மேசையில் நாலு பேர், நாலும் வேறுவேறு ஆள், வேறுவேறு நேரத்தில் வந்தவர்கள். ஒருவர் ஒரு செட் இட்லியோடு நிறுத்துவார், ஒருவர் பொங்கலுக்குப் பிறகு ரவா தோசை கேட்டு, முறுகலாக வேண்டும் என்று திருப்பி அனுப்புவார். நாலு கணக்கும் அவர் மண்டைக்குள் ஓடும். அப்படி நான்கு மேசை அவர் பொறுப்பு. நாம் கை கழுவிவிட்டு கல்லாவுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "நீலச் சட்டை பதினாலு! கோடு போட்ட சட்டை இருபத்தொண்ணு, பார்சலோட!" பேர் தெரியாதவர்களை அவர் சட்டை நிறத்தால் கல்லாவுக்கு அனுப்பிவைப்பார். கல்லாவில் முதலாளி நிமிர்ந்து சட்டையைப் பார்ப்பார், காசு வாங்குவார், அவ்வளவுதான்.

சில மாதத்தில் நாம் சட்டை நிறத்திலிருந்து மேலே ஏறுவோம். நமக்கு ஒரு வழக்கம் உண்டு என்பதை அவர் பிடித்துக்கொள்வார். நான் உட்காருவதற்குள் உள்ளே பார்த்து, "ஒரு செட், வடை தனியா!" என்று குரல் கொடுப்பார். சாம்பாரில் ஊறிய வடை எனக்குப் பிடிக்காது என்று அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். சென்னையில் அப்போது என்னைப் பற்றி ஏதாவது தெரிந்துவைத்திருந்த ஒரே மனுஷர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஆபீசில் என் இனிஷியலைக்கூடத் தப்பாக எழுதுவார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் பெருமையாகச் சொல்வேன்: நான் வாயைத் திறக்கவே வேண்டாம்மா, அங்க அவருக்கே எல்லாம் தெரியும்.

அந்த ஃபேன்

1999, தீபாவளிக்கு முந்தைய வாரம். இரண்டு நாளாக மழை. எங்கள் மேன்ஷன் வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர். காலையில் நான் இறங்கி வரும்போது இரண்டு பேர் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலே மூங்கில் பிளாச்சைப் பிடித்திருந்தார். இன்னொருவர் மார்பளவு குழிக்குள். கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது, காக்கி அரைக்கால்சட்டை மட்டும். கறுப்பு மண்ணைப் பக்கெட்டில் அள்ளி மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாகப் போட்டிருந்த செங்கல் மேல் கால்வைத்துத் தாண்டும்போது அவர் தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. "பாத்து போ தம்பி, கல்லு ஆடுது" என்றார். தாண்டிப் போய்விட்டேன். தினத்தந்தி வாங்கி, போன் பூத்தில் ஊருக்குப் பேசிவிட்டு, அரைமணி கழித்துக் கடைக்கு வந்தேன்.

இட்லி வந்து ஒரு வாய் வைத்திருப்பேன். எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர்தான். தெருமுனை அடிபம்பில் குளித்துவிட்டு வந்திருந்தார். தலை ஈரம் காயவில்லை, மடித்துவைத்திருந்த வேறு சட்டை போட்டிருந்தார். தண்ணீரிலேயே நின்று அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மேசை மேல் இரண்டு கையையும் வைத்து, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மனுஷனாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தார்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பல வருஷம் இதை நான் எனக்குள் நாற்றத்தின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். சாப்பிடும் நேரம், சாக்கடை வேலை, யாருக்கும் குமட்டும்தானே என்று. அது பொய். அன்றைக்கு அவர் மேல் லைஃப்பாய் சோப்பு வாசனைதான் அடித்தது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த யாரும் அன்று காலை அவர் அளவுக்குத் தேய்த்துக் குளித்திருக்க மாட்டார்கள். நான் எழுந்தது மூக்குக்கு எட்டிய எதற்காகவும் இல்லை. அவரைக் குழிக்குள் பார்த்திருந்தேன், அதற்காக. அந்த வேலையை எங்கள் ஊரில் யார் செய்வார்கள், அவர்கள் எங்கே உட்காருவார்கள், எங்கே உட்கார மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். எங்கள் ஊர் டீக்கடைத் தாழ்வாரத்தில் அவர்களுக்கென்று தனி கிளாஸ் ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். ஊரைவிட்டு அறுநூறு கிலோமீட்டர் வந்தும் அந்த ஆணி என் உடம்புக்குள் இருந்திருக்கிறது. யோசித்து எழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

சப்ளையர் பார்த்துவிட்டார். கையில் இரண்டு காபியோடு நின்றவர், "என்ன தம்பி?" என்றார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துக்கிறேண்ணே."

மழை பெய்துகொண்டிருக்கிறது. காலை எட்டு மணி. ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது. கடையில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை, பாதிப் பேர் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த எதிர் நாற்காலியைப் பார்த்தார். காபியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, நடந்துபோய்ச் சுவரிலிருந்த ஸ்விட்சைப் போட்டார். என் தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து மேசையில் தினத்தந்தி பறந்தது, ஒருவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். இட்லி ஆறிவிட்டது. எதிர் மேசையிலிருந்தவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் கோபமாவது வந்திருந்தால் பிழைத்திருப்பேன். வரவில்லை. தம்ளரை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார்.

அந்த வேலை எங்கள் தெருவில் பத்து நாள் நடந்தது. பத்து நாளும் அவர் கடைக்கு வந்தார். ஆனால் இடத்தை மாற்றிக்கொண்டார். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி ஒரு குட்டிப் பலகையும் ஒரே ஒரு ஸ்டூலும் இருந்தன. கூட்டம் மிஞ்சினால் மட்டும் ஆள் உட்காருகிற இடம். மற்ற மேசைகள் காலியாக இருந்தபோதும் அங்கேயே போய் உட்கார்ந்தார். சப்ளையர் ஒரு நாள், "இங்க வாங்கண்ணே, இவ்ளோ எடம் கெடக்கு" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. "இருக்கட்டும், இதே நல்லாருக்கு" என்றார். பதினோராவது நாள் அவர்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பெரியது ஃபேன் போட்டதற்கு மறுநாள் நடந்தது. நான் உள்ளே நுழைந்ததும் சப்ளையர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "ஒரு செட், வடை தனியா! தம்பிக்கு ஃபேனப் போடு!" அதற்கடுத்த நாளும். தை மாதக் குளிரிலும். நான் சொன்ன பொய் என் வழக்கங்களில் ஒன்றாக ஏறிவிட்டது. அவர் உண்மையாகவே நம்பித்தான் போட்டாரா, தெரிந்தே போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அவர் குரலில் குத்தல் இருந்ததில்லை. வடையைத் தனியாகக் கொண்டுவருகிற அதே அக்கறையோடுதான் ஃபேனையும் போட்டார். வேண்டாம் அண்ணே என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால், அன்றைக்கு ஏன் கேட்டாய் என்ற கேள்வி வரும். அதனால் சொல்லவில்லை. 2002-ல் கல்யாணமாகித் திருவல்லிக்கேணியைவிட்டுப் போகும்வரை அந்த ஃபேனுக்குக் கீழேதான் சாப்பிட்டேன்.

பலகைக்கு வெளியே

அந்த 1999 மார்கழியில் ஒரு பெரியவர் எனக்கு எதிரே உட்காருவது வழக்கமாயிற்று. பிறந்ததிலிருந்து திருவல்லிக்கேணிதான் அவருக்கு. காபியை நாலு தடவை ஆற்றிக் குடிப்பவர், பேச்சும் அப்படித்தான். ஒரு நாள் பேச்சுவாக்கில் முரளி கஃபே மறியலைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். 1957-ல், இதே திருவல்லிக்கேணியில், முரளி கஃபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் அறிவித்தார். திராவிடர் கழகத் தொண்டர்கள் அணி அணியாக வந்து மறியல் செய்து கைதாகிப் போனார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக. அடுத்த வருஷம் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று. பெரியவர் அதைச் சொல்லும்போது, வேன் வரும், ஏற்றுவார்கள், மறுநாள் வேறு ஆட்கள் நிற்பார்கள், நாங்கள் எண்ணிக்கொண்டே இருப்போம் என்று விரலை மடக்கிக் காட்டினார்.

அதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு வேறு இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று இருந்தது 1941-ல்தான் ஒழிந்தது. அரசியல் சட்டம் வந்தபோது 15ஆவது பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் பேர் சொல்லியே எழுதினார்கள், யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருவது என்ற ஒரு காரியத்துக்கு இவ்வளவு வேண்டியிருந்திருக்கிறது. நான் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டேன் என்று மேலே எழுதினேனே, எதிர் நாற்காலி யாருடையதும் இல்லை என்ற வழக்கம், அது பழைய கடைகளோடு பிறந்ததில்லை. பழைய கடைகள் எத்தனையோ அதை எதிர்த்து நின்றவை. அடிபட்டு, கைதாகி, வாதாடி வாங்கிக் கொடுத்ததை நான் சாம்பார் வாளியை நகர்த்துவது போல இயல்பான ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பேசப் பேச எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். பருத்தி மூட்டையோடு விருதுநகருக்குப் போய்வந்தவர். கிளப்புக் கடைக்குப் பின்பக்கம் நின்று காசைத் தரையில் வைத்துவிட்டு இட்லி வாங்கிய கதையை அவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் குரல் மாறும். எங்கள் வீட்டாருக்கும் பலகைக்கு வெளியேதான் இடம் இருந்தது. அதே தாத்தா எங்கள் ஊர் டீக்கடையில், ஆணியில் தொங்கிய கிளாஸ்களுக்கு நேர் எதிரே, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். அவருக்கு இரண்டும் ஒரே விஷயமாகத் தெரிந்ததே இல்லை. எனக்கும் அன்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர், "குளிருதேப்பா, இத அமத்தச் சொல்லவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகவே பழைய கடைகள் மூடப்படுகின்றன என்று யாராவது வருத்தப்பட்டால் நானும் வருத்தப்படுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. பாட்டி கைமணமோ பித்தளை டபராவோ எங்கேயாவது கிடைத்துவிடும். புதுக் கடைக்காரர்களே பித்தளை டபரா வாங்கி அடுக்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்காருகிற அந்த மேசை கிடைப்பதில்லை. காசிருப்பவருக்கு முழு மேசை, காசில்லாதவருக்குத் தள்ளுவண்டியோரம் நின்றபடி சாப்பாடு, நடுவில் இருந்த இந்த எட்டு மேசைக் கடைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பலகை எதுவும் மாட்டாமலே நாம் தனித்தனியாக உட்காரப் பழகிவிட்டோம். என் மகள் அதற்குள்தான் வளர்கிறாள். அவளை அங்கே வளர்ப்பவன் நான்தான். நான் கூட்டிப்போகிற ஓட்டல்கள்தான் அவளுக்குத் தெரியும்.

மறுபடியும்

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை மறுபடி அதே கடைக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை கோயில் இல்லை, கடைக்காகவே. அந்தச் சப்ளையர் இப்போது இல்லை. பிள்ளையோடு ஊரிலேயே இருந்துவிட்டதாகக் கல்லாவில் சொன்னார்கள். முதலாளியின் மகன் உட்கார்ந்திருக்கிறார், பில் மிஷினில் வருகிறது, சட்டை நிறத்துக்கு வேலையில்லை. சப்ளை செய்கிற பையன்கள் தங்களுக்குள் இந்தி பேசிக்கொள்கிறார்கள், நம்மிடம் "அண்ணா, சாம்பார்?" என்கிறார்கள். ஃபேன் மாற்றியிருக்கிறார்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த பலகையும் ஸ்டூலும் போய், அங்கே தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறது.

பூரி வருவதற்குள் அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். குழி, செங்கல், "பாத்து போ தம்பி", சோப்பு வாசனை, நான் எழுந்தது, ஃபேன், எல்லாம். பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று இரண்டு மாதம் தயங்கியிருந்தேன். "பழைய கடையில அப்படித்தான்மா" என்று அவளுக்குச் சொன்ன பதிலை அப்படியே விட்டுவைக்க மனசு வரவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். என் தாத்தா காசைத் தரையில் வைத்த இடத்தில் மட்டும், "கையில வாங்க மாட்டாங்களா?" என்றாள். வாங்க மாட்டார்கள் என்றேன். முடித்தபோது பூரி வந்து ஆறிப்போயிருந்தது. 

"அவர்கிட்ட சாரி சொன்னீங்களாப்பா?"

"இல்லம்மா."

"பத்து நாள் வந்தாருன்னு சொன்னீங்க."

"ஆமா. சொல்லல."

கொஞ்ச நேரம் தண்ணீர் கேன்கள் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவருடைய ஈரத் தலை, வெளுத்த விரல், போட்டிருந்த சட்டையின் பழுப்பு நிறம், சிரித்த சிரிப்பு எல்லாம் இருபத்தைந்து வருஷம் கழித்தும் எனக்கு அப்படியே இருக்கிறது. பேர் தெரியாது. பத்து நாளில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. சப்ளையருக்குத் தெரிந்திருக்கும், அவரிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, ஆறிப்போன பூரியைப் பிய்த்துக் கிழங்கில் தொட்டாள்.